தூரந்தான்

முப்பிடாதியம்மாள் வாசலில் நிற்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அந்தத் தெருவில் ஒரு ஆள் பயணம் கிளம்புவார். நின்றால் போச்சு. பையைத் திரும்ப உள்ளே வைத்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, அவள் நகர்கிற வரைக்கும் கதவுக்குப் பின்னால் காத்துக் கிடக்க வேண்டும். பூனை குறுக்கே போனால்கூடப் பரவாயில்லை. பூனை வாயைத் திறந்து எதுவும் கேட்காது. இவள் கேட்பாள்.

"எங்க போறிய? எந்த வழியாப் போறிய? எப்ப வருவிய?"

கிளம்புகிற ஆளை மறித்து இப்படிக் கேட்கலாமா? சங்கரன்கோவில் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், கேட்கக் கூடாது. 'எங்க' என்று கேட்டுவிட்டால் போகிற காரியம் விளங்காது. கேட்டே தீரவேண்டும் என்றால் "தூரமா?" என்று கேட்கலாம். "தூரந்தான்" என்றோ "பக்கந்தான்" என்றோ பதில் வரும். அதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

"வெளங்காத மூதி, கெளம்பும்போதே வாய வச்சிட்டா பாரு" என்று திட்டிக்கொண்டேதான் போவார்கள். திட்டுகிறவர்களுக்கு என்ன, நாக்குக்கு எலும்பா இருக்கிறது? அந்த வழக்கம் அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. தெருவிலேயே அவளைப்போல அதைக் கட்டிக் காத்தவள் வேறு யாரும் கிடையாது. காத்துத்தான் இந்தக் கதிக்கு வந்தாள்.

அவள் புருஷன் வெள்ளத்துரை வாடகைக் கார் ஓட்டினார். கார் என்றால் அவருக்குக் கோபம் வரும். பிளசர் என்று சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலில் வந்து இறங்கிய வண்டி அது. சிவகிரிப் பக்கம் ஒரு மிராசு வீட்டுத் தொழுவத்தில் கோழி அடைந்துகொண்டு கிடந்ததை வாங்கிவந்து, அக்கக்காகப் பிரித்துப் போட்டு, ராஜபாளையத்துக்கும் மதுரைக்கும் அலைந்து சாமான் சேர்த்து உயிர் கொடுத்தார். கறுப்பு நிறம். இரண்டு பக்கமும் ஏறி நிற்கப் படி. முன்னால் கம்பியை மாட்டிச் சுற்றினால்தான் சில நாள் உறுமும். திரும்ப வேண்டுமென்றால் விளக்கு மின்னாது, கதவோரத்தில் இருந்து சின்னதாக ஒரு கை வெளியே நீளும். அதைப் பார்க்கவே பிள்ளைகள் பின்னால் ஓடி வரும். மேடு ஏறினால் தண்ணீர் கொதித்துப் புகையும், நிறுத்தி ஊற்ற ஒரு தகர டின் எப்போதும் கூடவே போகும்.

ஊருக்குள் அம்பாசிடர் வந்த பிறகும் தூரப் பயணம் என்றால் ஆட்கள் அவரைத்தான் தேடி வந்தார்கள். பிளசருக்குள் ஒரு குடும்பமே பானை சட்டியோடு அடைந்துகொள்ளலாம். அவரும் நிதானக்காரர். "வண்டியும் கெழடு, நானும் பைய்யத்தான் போவேன். அவசரம்னா பஸ்ஸப் புடிங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுவார். பழனிக்கு மொட்டை போட, வேளாங்கண்ணிக்கு நேர்ச்சை செலுத்த, ஆரியங்காவு மலை ஏறி இறங்கிக் கொல்லத்துக்கு முந்திரி வியாபாரம் பேச என்று போவார்கள். அரபு நாட்டுக்குப் போகிற கடையநல்லூர்ப் பையன்களை வழியனுப்ப, அழுதுகொண்டே ஒரு வண்டி சனம் திருவனந்தபுரத்துக்கும் போகும். வண்டி ஓடினால் அவருக்குச் சோறு வேண்டாம், தண்ணீர் வேண்டாம்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் முப்பிடாதி தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டாள். "எங்க போறிய?" அவர் பதிலுக்குச் சிரித்துவிட்டுத்தான் போனார். பனவடலிசத்திரம் தாண்டுவதற்குள் இரண்டு டயர் பஞ்சர். வாடகைக்கு வந்தவர்கள் இறங்கி பஸ் ஏறிவிட்டார்கள். மாமியார் சங்கரம்மாள் விட்டாளா? "ஏட்டி, கெளம்புத மனுசன எங்கன்னு கேட்டியா நீ? உங்க வீட்டுல இதுகூடச் சொல்லித் தரலியா? அவன் உசுரு அந்த நாலு சக்கரத்துல போயிட்டு வருதுட்டி" என்று மூன்று நாள் பிடுங்கி எடுத்தாள். அன்றைக்கு அடங்கின வாய்தான். மாமியார் செத்துப்போன பிறகும் முப்பிடாதி மறுபடி 'எங்க' என்று கேட்டதில்லை.

அதனால் அவர் போன இடம் அவளுக்கு வந்தபிறகுதான் தெரியும். அதையும் வாயால் சொல்லமாட்டார், பொட்டலம் சொல்லும். பால்கோவா என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர். மக்ரூன் என்றால் தூத்துக்குடி. சில்லுக்கருப்பட்டி என்றால் திருச்செந்தூர். நேந்திரங்காய் வற்றல் என்றால் மலை தாண்டியிருக்கிறார். பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்துக்கொண்டு, "சொல்லு பாப்போம், எங்க போயிட்டு வாரேன்?" என்பார். அவள் மூக்கை உறிஞ்சிப் பார்த்துச் சொல்லுவாள். தப்பாகச் சொன்னால் ஒரு துண்டைத் தானே வாயில் போட்டுக்கொள்வார். மகள் செண்பகவல்லி "அப்பா எங்க?" என்று கேட்டால், "தின்பண்டம் வாங்கப் போயிருக்காவ" என்பாள் அவள். ராஜபாளையத்துக்கு அந்தப் பக்கம் கால் வைக்காதவள், அந்தப் பொட்டலங்களை வைத்தே சீமையெல்லாம் அறிந்து வைத்திருந்தாள்.

பிளசரில் அவள் ஏறுவது வருஷத்துக்கு ஒரு நாள். ஆயுத பூஜை அன்றைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, கோயிலைச் சுற்றி நாலு ரத வீதியும் ஒரு சுற்று. அப்படி ஒரு தடவை போகும்போதுதான் அவர் குமரி முனையைப் பற்றிச் சொன்னார்.

"மூணு கடலும் ஒரே எடத்துல வந்து விழுதுட்டி. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நெறம்."

"நீங்க பாத்தியளா?"

"அஞ்சாறு தடவ பாத்துட்டேன். உன்னைய ஒரு நாள் கூட்டிட்டுப் போறேன்."

"ஆமா, கிழிச்சிய. இந்த வண்டியில எனக்கு எடம் எங்க இருக்கு?" என்றாள். அவர் சிரித்தார். ஆனால் மறக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் போகலாம் என்று நாள் பார்ப்பார்கள், அந்த நாளைக்குத்தான் சொல்லி வைத்தது மாதிரி ஒரு வாடகை வந்து நிற்கும்.

எழுபத்தெட்டாம் வருஷத்து ஐப்பசி அது. விடாத அடைமழை. காலையில் அசலூர்க்காரர்கள் மூன்று பேர் வீடு தேடி வந்தார்கள். சொந்தத்தில் ஒரு சாவு, பஸ் கிடைக்கவில்லை, உடனே கிளம்பவேண்டும் என்று வாசலிலேயே நின்று பேசி முடித்தார்கள். முப்பிடாதி அடுப்படியில் தோசைக்கு அரைத்துக்கொண்டு இருந்தாள், குழவிச் சத்தத்தில் என்ன ஊர் என்று காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் கேட்காத மாதிரிதான் இருந்திருப்பாள்.

அவர் தலை சீவி, துண்டை உதறித் தோளில் போட்டார். அவள் மாவுக் கையோடு வாசலுக்கு வந்தாள். வானம் இருட்டிக் கிடந்தது. பிளசரில் கண்ணாடி துடைக்கிற கம்பி ஒரு பக்கம்தான் வேலை செய்யும் என்பது அவளுக்குத் தெரியும்.

"தூரமா?"

"தூரந்தான். நாளைக்கு வந்துருவேன்."

படியில் கால் வைத்தவர் இறங்கித் திரும்பி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "ஏட்டி முப்பிடாதி, இந்தத் தடவ எங்க போறேன் தெரியுமா..."

அவள் பதறிப்போய் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். காதெல்லாம் மாவு. "ஐயோ, சொல்லாதிய! கெளம்புத நேரத்துல என்ன இது? வந்து சொல்லுங்க!"

"சரிட்டி, சரி. வந்தே சொல்லுதேன்." அவள் காதோரத்து மாவைத் துண்டால் துடைத்துவிட்டு ஏறினார். தெரு முனையில் பிளசரின் சின்னக் கை வெளியே நீண்டது. திரும்பிப் போயிற்று.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மழையில் எங்கேயாவது ரோடு உடைந்திருக்கும் என்றார்கள். வாரம் ஆனது. கார் நிறுத்துகிற இடத்தில் அவருக்குப் பக்கத்து வண்டிக்காரன் கடையநல்லூர்ப் பாதுஷா. அவரை அண்ணாச்சி அண்ணாச்சி என்று சுற்றினவன், அவன்தான் முதலில் பயந்தான்.

"மதினி, அண்ணாச்சி எங்க போறதாச் சொன்னாவ?"

"தூரந்தான்னு சொன்னாவ."

"அது சரி, எந்த ஊருக்கு?"

போலீசில் எழுதிக் கொடுக்கப் போன இடத்திலும் அதே கேள்விதான். எந்த ஊர்? யார் கூட? எந்த வழி? "தூரந்தான்னு சொன்னாவ" என்பதைத் தவிர அவளிடம் ஒன்றுமில்லை. எழுதினவர் பேனாவை மூடிவைத்துவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தார். புருஷன் எங்கே போனான் என்றுகூடத் தெரியாத பொம்பிளையா என்று கேட்கிற பார்வை. அந்தப் பார்வை அவளுக்குச் செத்தாலும் மறக்காது.

பாதுஷா பாவம், தேடாத இடமில்லை. தூரம் என்று சொன்னதால் தூரத்திலேயே தேடினான். வாடகை போகிற ஊரெல்லாம், பழனியிலும் கொல்லத்திலும் திருவனந்தபுரத்திலும், "பழைய கறுப்பு பிளசர் ஒண்ணு இங்கன வந்துச்சா, சைடுல கை நீட்டும்" என்று டீக்கடை டீக்கடையாகக் கேட்டான். "அல்லா பாத்துக்குவான் மதினி, அழாதிய" என்று ஒவ்வொரு தடவையும் வந்து சொல்லிவிட்டுப் போவான். தெருக்கோடியில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் அவள் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவாள். வந்து நின்று மூக்கை உறிஞ்சுவாள். அதைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? எதிர்வீட்டு அன்னக்கிளிக்கு வெறும் வாயில் அவல் விழுந்த மாதிரி ஆயிற்று. "மலையாளத்துல ஒருத்திய வச்சிருக்காராம்லா. அடிக்கடி அந்தப் பக்கம் போனது எதுக்குங்க? நேந்திரங்காய் வத்தலுக்கா?" கிளம்புகிறபோது சிரித்துக்கொண்டே போனாரே, அந்தச் சிரிப்பையும் தெரு விட்டுவைக்கவில்லை. பெண்டாட்டியை விட்டு ஓடுகிற சந்தோஷச் சிரிப்பு அது என்றார்கள். செத்திருந்தால் பிணம் கிடைக்கணும், வண்டியாவது கிடைக்கணும், இரண்டும் கிடைக்கவில்லை என்றால் ஆள் ஓடிப்போனான் என்றுதானே அர்த்தம் என்று கணக்குப் போட்டுச் சொன்னார்கள். செண்பகவல்லி வளர்ந்து நின்றாள். பெண் பார்க்க வந்தவர்கள், "அப்பா எங்க இருக்காரு?" என்று கேட்டுவிட்டுப் பலகாரத்தைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள்.

முப்பிடாதி தறிகாரர் வீடுகளுக்கு நூலைத் தார் சுற்றிக் கொடுத்து வயிற்றைக் கழுவினாள். ராட்டையைச் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விதான். என்னை விட்டுவிட்டுப் போனாரா, என்னிடம் வந்துகொண்டிருந்தாரா? சொந்தக்காரர்கள் இரண்டு பக்கமும் இழுத்தார்கள். செத்தவன் என்று நினைத்துத் தாலியைக் கழற்று என்றது ஒரு கூட்டம். ஓடினவனுக்கு எதுக்குப் பொட்டு என்றது இன்னொரு கூட்டம். அவள் கழற்றவும் இல்லை, அழிக்கவும் இல்லை. ஆனால் நம்பினாளா என்றால், எல்லா நாளும் நம்பினாள் என்று சொல்ல முடியாது. ஒரு ஆடித்தபசு அன்றைக்கு, ஒற்றைக் காலில் நின்று தவம் செய்கிற கோமதியம்மனுக்குச் சங்கரநாராயணர் காட்சி கொடுக்கிற நேரம், ஊரே கன்னத்தில் போட்டுக்கொள்ள, இவள் கூட்டத்துக்கு நடுவில் நின்று வாய்விட்டே சொன்னாள். "நீ நின்னே, உனக்கு வந்துட்டாரு தாயி. நான் நாலு வருசமா நிக்கேன். அந்த மலையாளத்துக்காரி இடுப்புல கைய வச்சிக்கிட்டு எங்கயோ நல்லாத்தான் இருப்பாரு. நாசமாப் போகட்டும்." சொன்னபிறகு வீட்டுக்கு வந்து வாயில் அடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு அந்தப் பழக்கம் வந்தது. முதலில் பாதுஷாவைக் கேட்டாள். அப்புறம் பஸ்ஸுக்குப் போகிறவர்களை, சைக்கிளில் போகிறவர்களை, கடைக்குப் போகிற மகளை. எங்க போறிய, எந்த வழி, எப்ப வருவிய. அவர்கள் முகம் சுளிப்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. "கேளாம விட்டவ படுத பாடு எனக்குத்தான தெரியும்" என்று முணுமுணுத்துக்கொண்டு வாசலிலேயே நிற்பாள்.

எண்பத்து மூன்றில் வானம் பொய்த்தது. கோடையில் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் ஊர் தவித்தது. பனவடலிசத்திரத்துக்கு இந்தப் பக்கம், திருநெல்வேலி ரோடு வளைகிற இடத்தில், கைப்பிடிச் சுவர் இல்லாத பெரிய கிணறு ஒன்று உண்டு. பங்காளிகள் வழக்கில் பயிரிடாமல் கிடந்த நிலம். சுற்றிச் சீமைக்கருவேலம் மண்டி, அங்கே கிணறு இருப்பதே ரோட்டில் போகிறவனுக்குத் தெரியாது. வழக்கு முடிந்து, நிலம் கிடைத்தவர் தூர் வார ஆள் இறக்கினார். சேற்றுக்குள் மண்வெட்டி போட்டவனுக்கு ணங்கென்று இரும்பு தட்டியது. தோண்டத் தோண்டக் கறுப்பாக ஒரு கூரை வந்தது. அப்புறம் கதவோரத்தில் ஒரு சின்னக் கை. திரும்புவதற்கு நீட்டினது நீட்டினபடியே இருந்தது.

அந்தக் கையைப் பற்றிக் கேள்விப்பட்டதுமே பாதுஷாவுக்குத் தெரிந்துவிட்டது. அவன்தான் முப்பிடாதியையும் செண்பகவல்லியையும் தன் காரில் ஏற்றிக்கொண்டு வந்தான். எங்கே போகிறோம் என்று அவள் கேட்கவில்லை.

கிணற்றைச் சுற்றித் திருவிழாக் கூட்டம். அன்னக்கிளியும் பஸ் ஏறி வந்துவிட்டாள். அந்த மழைக்காலத்தில் இந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு போனதாக ஒருவர் சொன்னார். நாய் எதுவும் விழுந்து செத்திருக்கும் என்று நினைத்தாராம். "தோளுல ஆட்டப் போட்டுக்கிட்டுக் காடெல்லாம் தேடுன கதையாப் போச்சே" என்றது இன்னொரு வாய். பேச்சைப் பார். அவள் நிற்கிற இடத்தில் பேசுகிற பேச்சா அது?

அவரை மேலே கொண்டுவந்து ஒரு சாக்கில் வைத்து மூடியிருந்தார்கள். மூடினபடியே பார்த்தால் சின்னப் பிள்ளை படுத்திருக்கிற அளவுதான் இருந்தது. வண்டிக்குள் வேறு யாரும் இல்லை. கூட்டிப்போனவர்களை இறக்கிவிட்டு ஆள் தனியாகத்தான் திரும்பியிருக்கிறார். எப்படி விழுந்தார் என்று யாருக்கும் தெரியாது. மழையைக் கேட்டால்தான் தெரியும்.

முப்பிடாதி சாக்கைப் பார்க்கவில்லை. பிளசரையே பார்த்துக்கொண்டு இருந்தாள். "பாதுஷா, சாமான் வைக்கிற தகரப் பெட்டியத் தெறந்து பாரு" என்றாள்.

"அதுல என்ன மதினி இருக்கப் போகுது?"

"பாருன்னா பாரேன்!" என்று கத்தினாள். "அவிய வெறுங்கையோட வரமாட்டாவ."

சீட்டுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியை உடைத்துத்தான் திறக்க வேண்டியிருந்தது. ஸ்பேனரும் திருப்புளியும் துருப்பிடித்து ஒரே கட்டியாகிக் கிடந்தன. அதற்கு நடுவில் சேறு அப்பிய ஒரு உருண்டை. பாதுஷா அதைத் தண்ணீரில் அலசினான். உள்ளங்கை அளவுக்கு ஒரு சங்கு வெளுத்து வந்தது. அதன் முதுகில் எழுத்து வெட்டியிருந்தது.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. மகளிடம் நீட்டினாள். "என்னட்டி எழுதியிருக்கு?"

செண்பகவல்லி எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "கன்னியாகுமரின்னு போட்டிருக்கும்மா."

"இன்னொரு மட்டம் வாசி."

"கன்னியாகுமரி."

முப்பிடாதி சங்கை வாங்கி மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தாள். கிணற்றுச் சேற்று வாசம்தான் அடித்தது. காதில் வைத்துப் பார்த்தாள். மாவுக் கையால் அன்றைக்குப் பொத்தின அதே காது.

"வந்து சொல்லுங்கன்னேன்" என்றாள், யாரைப் பார்த்தும் இல்லாமல். "வந்து சொல்லிட்டாவ. என்னய விட்டுட்டு எங்கயும் போகல. எனக்குச் சங்கு வாங்கிட்டு வந்துக்கிட்டு இருந்திருக்காவ. நாந்தான், பாவி, நாசமாப் போகட்டும்னு..." அன்னக்கிளி தலையைக் குனிந்துகொண்டாள்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சாக்கைத் தூக்கி வண்டியில் ஏற்ற ஆட்கள் வந்து நின்றார்கள்.

"பாதுஷா" என்றாள் அவள். "இங்கயிருந்து நம்ம வீடு தூரமா?"

அவன் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"பக்கந்தான் மதினி."

அவள் சங்கை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு, முந்தானையை எடுத்து, ஐந்து வருஷம் ஊரே சொல்லியும் அழிக்காத பொட்டை அழித்தாள்.